ஓடாமல் நின்றவர்

சென்னை
8.1.1989

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். போன சித்திரையில் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உங்கள் அப்பா ஊருக்கு பஸ் ஏறும்போது, "நீ கடுதாசி போட்டினா பிரிக்காமயே அடுப்புல சொருவிடுவேன்" என்று சொன்னீர்கள். மறக்கவில்லை. அதனால்தான் இந்த இன்லாண்டின் வெளிப்பக்கம், என் முகவரிக்குக் கீழே, 'அண்ணன் சாப்பிடுகிறாரா?' என்று எழுதியிருக்கிறேன். அதைப் பிரிக்காமலே படித்துவிடலாம். பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். நம் வீடு பூட்டியிருந்தது. சாவி உங்களிடம் இருப்பது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கிணற்றுத் தொட்டியின் மேல் உட்கார்ந்து, சந்தியாவுக்கு என்று வாங்கிப் போன முறுக்கில் இரண்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஊர் வெள்ளிமலை பஸ் நின்றிருந்தது. "மலைக்கா? ஏறும்மா, எடம் கீது" என்றார் கண்டக்டர். இல்லை என்று தலையாட்டினேன். அவர் விசில் ஊதும் வரைக்கும் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

நான் அண்ணனைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரி லேபில்தான் இருக்கிறேன். காலையில் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் முதல் வேலை. பிறகு கண்ணாடிக் குழாய்களுக்கு எண் ஒட்டுவேன். பேச அதிகம் தேவைப்படாத வேலை. சில நாள் ஹாஸ்டலுக்குத் திரும்பி வார்டனிடம் "சாவி" என்று கேட்கும்போதுதான், காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது என்று தெரியும். அப்போது குரல் கம்மலாக வரும்.

அண்ணன் பிடித்துக்கொண்டாவது நிற்கிறாரா? உங்களை அடையாளம் தெரிகிறதா? சந்தியாவுக்கு மூன்றரை வயது ஆகிறது. அத்தையை மறந்திருப்பாள்.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு இந்தத் தாள் சரிப்படாது.

பூமாலை


வெள்ளிமலை
30.1.89

பூமாலைக்கு,

உன் இன்லாண்டு அடுப்புக்குப் போவல. அதுக்கு முன்னாலயே போஸ்ட்மேன் இருசப்பன் எங்கப்பா டீக்கடை வாசல்ல நின்னுக்கினு "அண்ணன் சாப்பிடுகிறாரா"ன்னு சத்தமாப் படிச்சுட்டாரு. பெஞ்சுல குந்திக்கினு இருந்தவங்க எல்லாரும் பதில் சொல்றாங்க. "சாப்புடுறாருன்னு எழுதும்மா." "நேத்து மூணு போண்டா சாப்ட்டாரே, அதையும் எழுது." எனக்கு மானம் போச்சு. இனிமே எழுதறதா இருந்தா கவர்ல போட்டு ஒட்டி அனுப்பு. இன்லாண்டு ஓரத்துல கண்ண வுட்டுப் பாக்கறவங்க இங்க ஜாஸ்தி.

சாப்புடுறாரு. ஊட்டினா சாப்புடுறாரு. வாயில வச்சத முழுங்குங்கன்னு சொன்னாத்தான் முழுங்குறாரு. நடை இல்ல. ரெண்டு காலும் வெறச்சுப் போயி கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்குது. உன் ஆஸ்பத்திரிக்கு என் கையப் புடிச்சுக்கினு நடந்து வந்த மனுசன். மொத தடவ முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்க. அப்பவும் நடந்தாரு. ரெண்டாந்தடவ வாணாம்னு தலபாடா அடிச்சுக்கினேன். நான் பாப்பாவத் தூக்கிக்கினு டீ வாங்கப் போன நேரத்துல நீ கையெழுத்துப் போட்டுக் குத்த வுட்ட. அப்பால அவரு தானா கட்டில விட்டு எறங்கல. முதுகுத்தண்ணிய எடுத்தா கால் வெளங்காதுன்னு அஞ்சாவது படிச்ச எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. இன்னொரு தடவ எங்க யாரு உடம்புலயாவது ஊசி குத்தணும்னு கேட்டுக்கினு வந்தா, அது நீயா இருந்தாலும் வெளக்கமாறுதான்.

நான் எழுதறது வேற காரியத்துக்கு. நம்ம சாதிச் சங்கத்து கொளஞ்சியப்பன் ஜீப் வச்சுக்கினு மலைக்கு வந்தாரு. ஒதுக்கீடு கேட்டு மரத்த வெட்டிப் போட்டு ரோட்ட மறிச்சாங்களே முந்தின வருசம் புரட்டாசியில, அன்னிக்குப் போலீசு வந்ததும் எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள்ள ஓடிட்டாங்க. உங்கண்ணன் மட்டும் வெட்டிப் போட்ட புளியமரத்து மேல ஓடாம நின்னாரு. அடி மொத்தமும் அவருக்கே. "ஊரே ஓடுச்சு, வீரமுத்து ஒருத்தன்தாங்க நின்னான்"னு கொளஞ்சியப்பன் போற மீட்டிங்குல எல்லாம் சொல்றாராம்.

போலீசு அடியிலதான் மூளை கலங்கிக் காலும் போச்சுன்னு மனு எழுதறாங்க. இங்க சத்துணவுக் கூடத்துல எனக்கு ஆயா வேலை கேட்டு. அதுக்கு ஆஸ்பத்திரி லெட்டர் ஒண்ணு வேணுமாம். ரெண்டு தடவ தண்ணி எடுத்தீங்களே, அதுல அடிபட்டது தெரிஞ்சிருக்கும் இல்ல? அத எழுதி டாக்டர்கிட்ட சீல் வாங்கி அனுப்பு. உன்ன லாரி முன்சீட்டுல குந்த வச்சுக் காலேஜ் வாசல்ல எறக்கி வுட்டாரே, அந்த அண்ணனுக்காகச் செய்.

ஜெயம்மாள்


சென்னை
12.2.1989

அன்புள்ள அண்ணிக்கு,

கவரில் போட்டிருக்கிறேன். பசை போதாது என்று மெஸ்ஸிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து அதையும் தேய்த்து ஒட்டியிருக்கிறேன்.

மூன்று போண்டா சாப்பிட்டார் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் நான் சிரித்து இதுவரை பார்த்ததில்லை.

லெட்டர் வாங்க முடியாது அண்ணி. டாக்டர் தரமாட்டார் என்பதல்ல, நான் கேட்கவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் தடவை எடுத்த நீரில், காசநோயோ வேறு மூளைக் காய்ச்சலோ இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்திருந்தால் மருந்து கொடுத்து மீட்டிருக்கலாம். இல்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஊசி போன வழியில் ரத்தம் கசிந்து நீரோடு கலந்துவிட்டது. குழாய்கள் வெளிர்ச் சிவப்பாக இருந்தன.

நம் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மடை ரத்தம், கீழ்மடை மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றியிருக்கும் நீர். நடுவே ஒரு வரப்பு. மேல்மடையில் இருப்பதெல்லாம் கீழே இறங்கிவிடாது. ஆனால் நண்டு வளை போட்டால் கசியும். அண்ணனின் ரத்தத்தில் ஒன்று இருந்தது தெரியும். அது வரப்பைத் தாண்டி மூளைக்குள் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. ரத்தம் கலந்த நீரை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் சுத்தமான நீர் வேண்டும் என்றார் டாக்டர். "தெரிஞ்சாலும் வைத்தியம் மாறப்போறதில்லம்மா. யோசிச்சு சொல்லு" என்றும் சொன்னார்.

நான் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்கு ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டாவது ஊசி அண்ணனுக்காகப் போட்டதல்ல, எனக்காகப் போட்டது. ஊசி குத்தும் இடத்தில் தண்டுவடம் கிடையாது, அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதனால் கால் போகாது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அதை நம்புகிறேன். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றதை நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன். அதற்குப் படம் போட்டுக் காட்ட யாராலும் முடியாது.

இரண்டாம் தடவை எடுத்த நீர் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதில் அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை. வேறொன்று இருந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மறியல் நடந்தது புரட்டாசியில். அந்த வருஷம் ஆனி மாதமே நான் லீவு முடிந்து கிளம்பியபோது, அண்ணன் லாரியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. கியரைப் பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "எப்டி பாப்பா இது?" என்று கேட்டுச் சிரித்தார். பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர். நானும் விளையாட்டு என்று சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் அப்போது எதையாவது பார்த்தீர்களா?

பூமாலை


வெள்ளிமலை
2.3.89

பூமாலைக்கு,

நான் ஒண்ணும் பாக்கல. மறியலுக்கு முன்னால அவரு நல்லாத்தான் இருந்தாரு. ராத்திரி பூரா லோடு ஓட்டிட்டு வந்தவருக்குக் காலையில கியரு மறந்துச்சுன்னா அது தூக்கம். இங்க வைத்தியர் வந்து பாத்து வர்மத்துல அடின்னு சொல்லிட்டாரு. எண்ணெய் காச்சித் தேய்க்கறோம். அவருக்குத் தெரிஞ்சது உங்க டாக்டருக்குத் தெரியல.

ஒரு லெட்டர் கேட்டேன். நீ எனக்கு நண்டு வளை கதை எழுதற. ஊரே அவரத் தூக்கி வச்சுப் பேசுது. கூடப் பொறந்தவ உனக்கு மட்டும் அவரு அடிபட்டவரா இருக்கக் கூடாது. வேறொன்னு இருந்துச்சாம். இன்னா வேறொன்னு? சொல்ல வாயில்லாதவ ஏன் எழுதற?

வூட்டுச் சாவிய இதுலயே வச்சு அனுப்பறேன். உங்க வூடு, நீயே வச்சுக்க. இனிமே எழுதாத.

ஜெயம்மாள்


சென்னை
30.3.1989

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்று இரண்டாம் முறை சொன்ன பிறகும் எழுதுகிறேன். சாவி வந்து சேர்ந்தது என்று சொல்ல மட்டும்.

கவருக்குள் அது ஓட்டை போட்டிருந்தது. போஸ்ட்மேன் நூல் சுற்றிக் கொடுத்தார். அதை என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் போய்த் திறக்க மாட்டேன். நீங்கள் இல்லாமல் திறந்தால் அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியாது.

ஒதுக்கீடு வந்துவிட்டது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். ஹாஸ்டலில் இரண்டு பெண்கள், இனி விண்ணப்பத்தில் நமக்கென்று ஒரு கட்டம் இருக்கும் என்றார்கள். "உங்க ஊர்ப் பக்கம்தானே மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். என் அண்ணன் அங்கே நின்றார் என்று சொல்லத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுத்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

சந்தியாவுக்கு ஒரு கவுன் எடுத்தேன். அளவு தெரியவில்லை. அதுவும் சாவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பூமாலை


வெள்ளிமலை
20.4.89

அன்புள்ள பூமாலைக்கு,

நான்தான் எழுதாதன்னேன். இப்ப நானே எழுதறேன்.

போன ஞாயித்துக்கெழம ஊருல போர்டு தொறந்தாங்க. மறியல்ல அடிபட்டவங்க பேரு எல்லாம் எழுதினது. உங்கண்ணன் பேரு மேல இருந்து ரெண்டாவது. கொளஞ்சியப்பன் ஜீப்புல ஏத்திக்கினு போயி, நாற்காலியோட தூக்கி மேடையில வச்சாரு. மைக்குல பேசினாரு. "போலீச பாத்ததும் நானே ஓடினேங்க. பொய் சொல்ல மாட்டேன். வேட்டி அவுந்தது கூடத் தெரியாம ஓடினேன். ஆனா எங்க வீரமுத்து நின்னான்." எல்லாரும் சிரிச்சாங்க, கை தட்டினாங்க. பெரிய மாலை ஒண்ணு போட்டாங்க. அவரு அதக் கழட்டி என்கிட்ட நீட்டி, "இந்தாம்மா, இது யாருதோ, குடுத்துடு"ன்னாரு. மைக்குல கேட்டிருக்கும். யாரும் சிரிக்கல. 

மனுவுல கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவக் குடுத்தாங்க. கை வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பூமாலை, நான் பாத்தேன். உன்கிட்ட இல்லன்னு எழுதினது பொய்.

அந்த வருசம் ஆடி மாசம். பாப்பாவத் தூக்கிக்கினு சந்தைக்குப் போனாரு. வெறுங்கையோட வூட்டுக்கு வராரு. "எங்க பாப்பா?"ன்னேன். "எந்தப் பாப்பா?"ன்னாரு. நான் ஓடினேன். மாராப்பு நழுவுனது கூடத் தெரியாம ஓடினேன். வெங்காய மூட்ட மேல குந்திக்கினு இருந்தா. வெங்காயக்காரம்மா ஒரு வாழப்பழம் வாங்கிக் குடுத்து அழாம வச்சிருந்தாங்க. "ஒன் வூட்டுக்காரரு எறக்கி வச்சுட்டு அவரு பாட்டுக்குப் போறாரு, கூப்டா திரும்பல"ன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்பாங்க. லாரி ஓனரு வேலைய வுட்டு நிறுத்திடுவாரு.

மறியல் அன்னிக்கு நானும் ரோட்டோரம் பொம்பளைங்களோட இருந்தேன். போலீசு வேன் வந்ததும் எல்லாரும் ஓடறாங்க. இவரு மரத்து மேல நிக்கறாரு. "ஓடுங்க, ஓடுங்க"ன்னு கத்தினேன். என் குரல் கேட்டுத் திரும்பி என்னப் பாத்தாரு. தைரியமா நிக்கறவன் பார்வை இல்ல அது. ஓடறதுன்னா இன்னான்னு என்னக் கேக்கற மாதிரி பாத்தாரு. கியரு எப்டின்னு உன்னக் கேட்டாரே, அதே மாதிரிதான் இருந்திருக்கும். அவரு நிக்கல பூமாலை. ஓடத் தெரியல அவருக்கு.

அடி விழுந்துச்சு. நான் பொரண்டு அழுதேன். அழுதுக்கினு இருக்கும்போதே உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. ஒரு காரணம் கெடச்சுதேன்னு. இனிமே அவரு எத மறந்தாலும் போலீசு அடின்னு சொல்லிக்கலாம்னு. கட்டின புருசன் மண்ட ஒடஞ்சு கெடக்கறாரு, எனக்கு நிம்மதி. இத ஒன்றர வருசமா யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூட.

அந்த நெனப்ப நீ ஊசி போட்டுக் கலைச்சிடுவியோன்னு பயந்துதான் அவரக் கூட்டிக்கினு மலைக்கு வந்தேன். கால் போச்சுன்னு உன் மேல பழி போட்டேன். கால் முன்னாலயே தள்ளாடிக்கினுதான் இருந்துச்சு.

பொழுது விடிஞ்சா அவரும் நானும்தான். அவருக்கு என் பேரு இல்ல. இந்தாம்மான்னுதான் கூப்புடுறாரு. அந்நியாரு வூட்டுப் பொம்பளையக் கூப்புடற மாதிரி. அதுலயும் மரியாத இருக்கு, இன்னா பண்றது.

இப்பச் சொல்லு. அந்தத் தண்ணியில இன்னா இருந்துச்சு? எதையும் மறைக்காத. கவர நல்லா ஒட்டு. டீக்கடையில பிரிக்க மாட்டேன். சாமை அறுத்த கொல்லையில தனியாப் போயி உக்காந்து படிக்கறேன்.

ஜெயம்மாள்


சென்னை
27.4.1989

அன்புள்ள அண்ணி,

உட்கார்ந்துவிட்டீர்களா? சந்தியாவை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தால் நல்லது.

பேப்பரில் எய்ட்ஸ் என்று போடுகிறார்களே, அதை உண்டாக்கும் கிருமி அண்ணனின் உடம்பில் இருக்கிறது. அந்த நோய் வந்தால் உடம்பு இளைக்கும், இருமல் வரும், பேதியாகும் என்றுதான் பேப்பரில் எழுதுகிறார்கள். சிலருக்கு அதெல்லாம் வருவதற்கு முன்பே அது வரப்பைத் தாண்டி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்விடும். போனால் நினைவு குறையும். யோசனை மந்தமாகும். கால் விறைக்கும். கியர் மறக்கும். குழந்தை மறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியம் போல, குடி போல, அடிபட்டது போலத் தெரியும். அண்ணனுக்கு வந்தது அது.

அன்று அந்த நீரைச் சோதித்ததும் நான்தான். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் சொட்டு விடுவோம். கடைசியில் நிறம் ஏறாமல் இருந்தால் நல்லது. மஞ்சள் ஏறினால் கிருமியின் தடயம் இருக்கிறது என்று அர்த்தம். அண்ணனின் எண்ணுக்கு இரண்டு குழி. காத்திருக்கச் சொன்ன நேரம் முடியும் வரை பக்கத்து அறைக்குப் போய், கழுவி வைத்த குப்பிகளை எல்லாம் மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோது இரண்டும் மஞ்சளாக இருந்தன. ரத்தத்திலிருந்து கசிந்த அளவு அல்ல, அதைவிட அதிகம் என்று கணக்குப் பார்த்து டாக்டர் சொன்னார். இன்னொரு சோதனைக்கும் அனுப்பி உறுதி செய்தார்கள்.

"நீ படிச்ச பொண்ணு. அவர் சம்சாரத்துகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்று டாக்டர் என்னிடம் விட்டுவிட்டார். அப்போது நீங்கள் மலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் பக்குவத்தைத் தேடிக்கொண்டே பதினோரு மாதத்தைக் கடத்திவிட்டேன். முதல் இன்லாண்டில் இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முறுக்கைப் பற்றி எழுதினேன். நீங்கள் எழுதாதே என்றதும், அழுகையோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது, இனிச் சொல்ல வேண்டாமே என்று. நீங்கள் உங்கள் நிம்மதியை எழுதியதால் என்னுடையதையும் எழுதுகிறேன்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பூனா பக்கம் லாரி கவிழ்ந்து அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தமாக இருக்கலாம். லாரிக்காரர்கள் போகிற இடங்களும் நமக்குத் தெரியும். இரண்டில் எது என்று எந்தக் குழாயும் சொல்லாது. ரத்தம்தான் என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம். நேற்று அப்படித்தான் எழுதினேன். உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இதற்கு மருந்து இங்கே இல்லை. ஊட்டுவதால் வராது. தொடுவதால் வராது. அவர் குடித்த டம்ளரில் குடித்தாலும் வராது. மடியில் படுக்க வையுங்கள். அவருக்குப் புண் வந்தால் மட்டும் வெறும் கையால் துடைக்க வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், விறைப்புக்கு இதமாக இருக்கும்.

போர்டில் அவர் பெயர் இருக்கட்டும் அண்ணி. ஓடத் தெரியாமல் நின்றாலும் அடி அவர் மேல்தான் விழுந்தது. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஆயா வேலைக்கு வேறு மனு எழுதுவோம். அடியைக் காரணம் காட்டாமல், உங்கள் அஞ்சாம் வகுப்பைக் காட்டி நானே எழுதித் தருகிறேன்.

அவர் என்னைக் காலேஜ் வாசலில் இறக்கிவிட்ட நாள் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். வெட்கத்தில் நான் இறங்க மறுத்தேன். அவர் ஹாரனை நீளமாக அடித்து, "எங்க வூட்டுப் பொண்ணு வந்துட்டா, வழி வுடுங்க" என்று கத்தினார். அன்று முதல் எந்த வாசலில் நுழையும்போதும் எனக்கு அந்த ஹாரன் கேட்கும். இந்தக் கடிதத்தை முடிக்கவும் அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். நாலு கடிதமாக அதைத்தான் தள்ளிப் போட்டு வந்தேன்.

இந்தக் கிருமி புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்குப் போகும். தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகும். எல்லோருக்கும் போய்விடும் என்பதில்லை. போகாமலும் இருக்கும். பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு தடவை ஊசி என்று வந்தால் விளக்குமாறு என்று எழுதினீர்கள். எடுத்துக்கொண்டே வாருங்கள். சித்திரை முடிவதற்குள் வாருங்கள். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள், பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து நிற்கிறேன். முதுகில் இல்லை அண்ணி, முழங்கை மடிப்பில், ஒரே ஒரு முறை. வேறு யாரையும் தொடவிட மாட்டேன். நானே எடுப்பேன், நானே தட்டில் விடுவேன். இந்த முறை வெளியே போய்க் குப்பி கழுவ மாட்டேன். நிறம் தெரியும் வரை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் ரத்தம் கொஞ்சம் கொடுங்கள் அண்ணி. சந்தியாவுடையதும்.

பூமாலை